பாலிஷ் துணியில் ஏறிய சிவப்பு

1. மதராசி அங்கிள்

“மேடம்ஜி, யாரோ மதராசி அங்கிள். ரொம்பக் கோபமா இருக்கார்” என்று ரிசப்ஷன் பெண் இந்தியில் சொல்லிவிட்டு, போனை லேபுக்குத் திருப்பினாள். தில்லி ஓக்லாவில் இருந்த எங்கள் ஃபேக்டரியில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் விந்தியத்துக்குத் தெற்கே பிறந்தவர் யார் கோபப்பட்டாலும் அது என் தலையில்தான் விடியும்.

“ஏனுங்க, இந்தக் கார் பாலிஷ் செய்யற கம்பெனிதானுங்களே?”

“ஆமா சார், சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்றதுங்க? பாலிஷ் போட்டா பளபளன்னு ஆகுமுன்னு பாட்டல்ல எழுதி வெச்சிருக்கறீங்க. இங்க பெயிண்ட்டே கழண்டு வருதுங்க. துணி பூராச் சிவப்பு! எங்கார் சிவப்புக் காருங்க!”

பெயர் பழனிச்சாமி, மயூர் விஹாரில் கூட்டுறவு ஃப்ளாட், அரசு நிறுவனம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் கோபி. இதெல்லாம் நான் கேட்காமலே வந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. பாட்டிலின் அடியில் இருக்கும் பேட்ச் நம்பர். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

ஏன் என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கும். க்ளியர் கோட் என்போம். பாலிஷ் அந்த மேல்பூச்சைத்தான் இழைக்கிறது. பாலிஷுக்குள் மிக நுண்ணிய பொடி கலந்திருக்கும். அந்தப் பொடிதான் கீறல்களின் ஓரத்தை மழுக்கிப் பளபளப்பைக் கொண்டுவருகிறது. அது கொஞ்சம் முரடாக இருந்துவிட்டால் க்ளியர் கோட் தேய்ந்து, கீழே இருக்கும் நிறம் துணியில் ஏறும். சிவப்புக் காரில் துணி சிவந்தது என்றால் அந்தக் கார் முடிந்தது. திரும்பப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த வருஷம்தான் பொடி கொடுப்பவரை மாற்றியிருந்தோம். புதுப் பொடியில் செய்த முதல் பேட்ச் அது. தகரப் பேனல்களில் தேய்த்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான். சில பெட்டிகள் மட்டும் ஏற்கெனவே கிழக்கு தில்லிக் கடைகளுக்குப் போயிருந்தன. மீதி அத்தனையும் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வரும் தந்தேரஸுக்காக டிரக்கில் ஏறி, கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தன. தில்லியில் தந்தேரஸ் அன்று கார் வாங்காதவன் பாவம் செய்தவன். அந்த வாரத்தில் விற்பதை வைத்துத்தான் எங்கள் கம்பெனியின் வருஷம் ஓடும்.

முதலாளி மல்ஹோத்ரா சாபிடம் போய்ச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாக, “மேடம்ஜி, நீங்களே போய்ப் பாருங்க. அதுவரைக்கும் டிரக் நிக்கட்டும். நீங்க அச்சா சொன்னா போகும். இல்லேன்னா எல்லாத்தையும் இறக்கிடலாம்” என்றார். ஒரு ஆள் நம்மை முழுசாக நம்பிவிட்டால் அதைவிடப் பெரிய பாரம் கிடையாது.

2. மெட்ரோவில்

வழி நெடுக எனக்கு நானே வக்கீலாகவும் எதிர்க்கட்சி வக்கீலாகவும் இருந்தேன். பேனலில் நன்றாக இருந்ததே. ஆனால் பேனல் வேறு, வீட்டில் வெயில் மழை பட்ட கார் வேறு. அவர் பாலிஷைவிட முரடான ரப்பிங் காம்பவுண்டைப் போட்டிருப்பாரோ? வாக்ஸ் என்று நினைத்து மாறிப் போட்டிருப்பாரோ?

வாக்ஸும் பாலிஷும் ஒன்று என்று நினைப்பவர்கள் இந்த ஊரில் பாதிப் பேர். பாலிஷ் எடுக்கிற பொருள். வாக்ஸ் கொடுக்கிற பொருள். பாலிஷ் இழைத்துச் சரி செய்யும், வாக்ஸ் மேலே ஒரு தோலாகப் படிந்து தூசியையும் வெயிலையும் தாங்கும். பாலிஷை வருஷத்துக்கு ஒருமுறை தொட்டால் போதும். வாக்ஸை அடிக்கடி போட்டாலும் காருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் நம் ஆட்கள் பாலிஷை முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி வாராவாரம் போடுவார்கள். வாக்ஸ் டப்பாவை டிக்கியில் போட்டு மறந்துவிடுவார்கள். கேட்டால், “பாலிஷ்லதான் உடனே பளபளப்பு தெரியுது” என்பார்கள். தெரியும், தோலை உரித்தால்கூடத்தான் உடனே நிறம் தெரியும்.

இப்படிக் கோபத்தை வாடிக்கையாளர் மேல் திருப்பிக்கொண்டே வந்தேன். பயத்தைவிடக் கோபம் எனக்குச் சௌகரியம். ஸ்டேஷன் வந்தபோது கோபம் தீர்ந்து பயம் மட்டும் மிச்சமிருந்தது.

3. வேட்டித் துண்டு

கார் ஃப்ளாட்டுக்குக் கீழே தூண்களுக்கு நடுவே நிழலான பார்க்கிங்கில் நின்றது. நல்ல குங்குமச் சிவப்பு. பழனிச்சாமி சார் பனியன், மடித்துக் கட்டிய வேட்டியோடு பக்கத்தில் நின்றார். எதிர் ஃப்ளாட் சர்தார்ஜியும் மூன்றாம் மாடி வங்காளியும் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். நான் வருவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. “நக்லி மால்” என்றார் சர்தார்ஜி என்னைப் பார்த்து. போலிச் சரக்கு என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்கியவருக்கு இல்லாத வருத்தம் அவருக்கு.

“பாருங்கோ” என்று பழனிச்சாமி சார் ஒரு துணியை நீட்டினார். பழைய வேட்டியைக் கிழித்த துண்டு. அங்கங்கே செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது.

“ரிட்டையர் ஆனப்புறந்தானுங்க ஓட்டவே கத்துக்கிட்டேன். சொந்தமா வாங்குன மொதோக் காரு. ஒரு கீறல் விழுகாம வெச்சிருக்கறனுங்க. மாசாமாசம் கிருத்திகைக்கு மலை மந்திர் கோயிலுக்கு இதுலதான் போறது. இப்பப் பெயிண்ட்டு போச்சுன்னா நான் என்னத்தப் பண்றது, சொல்லுங்க.”

குரலில் கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. அதைக் கேட்டதும் என் வக்கீல் வாதங்கள் எல்லாம் வாயிலிருந்து போய்விட்டன.

“நீங்க செஞ்சது மாதிரியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார். அப்படியே, எதையும் மாத்தாம” என்றேன்.

செய்தார். வாளியில் இருந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்தார். எங்கள் பாட்டிலிலிருந்து பாலிஷை விட்டார். பானெட்டில் வட்டமாகத் தேய்த்தார். துணியைப் பிரித்தார். சிவப்பு.

நானும் அதே துணியில் வேறு மூலையை நனைத்துத் தேய்த்தேன். சிவப்பு. கண்ணெதிரே. என் கையாலேயே. டிரக்கும் மல்ஹோத்ரா சாபும் பாக்கிங் செக்ஷனில் வேலை பார்க்கும் பெண்களும் ஒரு நொடியில் கண்முன் வந்து போனார்கள். சர்தார்ஜி வங்காளியிடம் “தேக்கா?”, பார்த்தீரா என்று கேட்டது காதில் விழுந்தது.

உட்கார இடம் கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்காததால் வேலையைத் தொடர்ந்தேன். உண்மையில் அதுதான் காரணம். என் பையில் எப்போதும் இருக்கும் புது மைக்ரோஃபைபர் துணியை எடுத்தேன். வெள்ளைத் துணி, ஈரம் படாதது. அவருடைய அதே பாட்டிலிலிருந்து அதே பாலிஷ். பானெட்டில் முதலில் தேய்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே தேய்த்தேன்.

துணி மஞ்சளாக வந்தது.

திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மஞ்சள்தான். சிவப்புக் கார், வெள்ளைப் பாலிஷ், மஞ்சள் துணி! என் கண்ணிலேயே சந்தேகம் வந்து, “சார், இது என்ன நிறம்?” என்று கேட்டேன்.

“மஞ்சளுங்க” என்றார் அவரும் குழம்பிப் போய்.

சிவப்புப் பெயிண்ட் தேய்ந்தால் எந்தத் துணியிலும் சிவப்பாகத்தான் வரும். துணியைப் பார்த்து நிறம் மாற்றிக்கொள்ள அது ஒன்றும் அரசியல்வாதி இல்லை. அப்படியானால் வித்தியாசம் துணியில் இருக்கிறது, இல்லை, துணியை நனைத்த தண்ணீரில் இருக்கிறது. வாளியில் விரலை விட்டேன். வழுவழுவென்றிருந்தது.

“இதுல என்ன போட்டீங்க சார்?”

“துணி தொவைக்கற பவுடருங்க. பாலிஷ் போடறமுன்னு இன்னைக்குத்தான் காரக் கழுவப் போட்டேன். உங்க ஷாம்பூ வேற தனியா வாங்கோணுமுங்களா? சோப்புன்னா எல்லாம் சோப்புதானுங்களே.”

சோப்பு என்றால் எல்லாம் சோப்பு இல்லை. சலவைப் பவுடரில் சோடா இருக்கிறது, காரம். அந்த வார்த்தை மனதில் வந்ததும் வாளியிலிருந்து விரலை எடுத்தேன். மஞ்சளாக இருந்து, காரம் பட்டதும் சிவக்கிற ஒரு பொருள் நம் எல்லோர் வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது.

“சார், வீட்டுல எலுமிச்சம்பழம் இருந்தா ஒண்ணு குடுங்க. எதுக்குன்னு அப்புறம் சொல்லுதேன்” என்றேன். பதற்றம் வந்தால் என் அப்பாவின் பாளையங்கோட்டை என் வாயில் எட்டிப் பார்த்துவிடும்.

4. சரஸ்வதி அம்மா

எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்தது அவர் மனைவி சரஸ்வதி அம்மா. பாதியாக வெட்டியே கொண்டுவந்திருந்தார். வேட்டித் துண்டைக் காரின் மேல் விரித்து, நல்ல சிவப்பாக இருந்த இடத்தில் சாற்றைப் பிழிந்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

சிவப்பு மெல்ல வெளுத்து, அந்த இடம் மட்டும் மஞ்சளாக மாறியது.

“பெயிண்ட்டுக்கு எலுமிச்சம்பழம் ஒண்ணும் செய்யாது. இது மஞ்சள். சமையலுக்குப் போடுற மஞ்சள்” என்றேன்.

“மஞ்சளுங்களா? எங்கார்ல எப்படீங்க மஞ்சள் வரும்?” பழனிச்சாமி சாருக்குக் கோபம் திரும்பி வந்தது. “ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வெச்சோம், அன்னைக்கே தொடச்சுட்டனுங்க. இந்தப் பூச்சு, தெளிப்பு எல்லாம் நான் காருகிட்ட விடறதே இல்லீங்க. பெயிண்ட்டுக்கு ஆகாதுன்னு கண்டிசனாச் சொல்லி வெச்சிருக்கறேன்.”

சரஸ்வதி அம்மா துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“ஏனம்மிணி, ஆரத்தித் தண்ணிக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்குமே, அந்த மாதிரீங்களா இது?”

“அதேதாம்மா. சுண்ணாம்புக்குப் பதிலா இங்க சோப்புத் தூள்.”

அவர் முந்தானையைக் கையில் சுருட்டினார். அவிழ்த்தார். “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நாந்தானுங்க தெளிக்கறேன்” என்றார்.

சர்தார்ஜி வங்காளியைக் கையைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டை வரப்போகிறது என்பதற்கு மொழி எதற்கு?

“என்னத்தத் தெளிக்கறே?” என்றார் பழனிச்சாமி சார்.

“மஞ்சத் தண்ணிங்க. நீங்க பார்க்குல நடக்கப் போனப்புறம். வேப்பெலையில தொட்டு முன்னாடி பூராத் தெளிச்சுட்டு வந்துருவேன். ரிங் ரோட்டுல பஸ்ஸும் லாரியும் எப்படிப் போகுதுன்னு பார்த்திருக்கறீங்களா? இந்த வயசுல கத்துக்கிட்டு அதுக்குள்ள போறீங்க. நீங்க போய்ட்டுத் திரும்பி வர வரைக்கும் எனக்கு உசுரு கையில இருக்கறதில்லீங்க மாமா. எனக்குத் தெரிஞ்சது அதானுங்க. செஞ்சேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?”

“சொன்னா விட்டிருப்பீங்களா?”

விட்டிருக்க மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கே தெரிந்தது.

நடந்தது இதுதான். அவர் காருக்கு ஒழுங்காக வாக்ஸ் போடுகிறவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைப் பாராட்ட வேண்டும். மஞ்சளுக்கு எண்ணெயும் மெழுகும் என்றால் கொள்ளை ஆசை; தண்ணீரில் போகாது, வாக்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சிவப்புக் கார் என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளைக் காராக இருந்திருந்தால் அந்த அம்மா முதல் வெள்ளிக்கிழமையே மாட்டிக்கொண்டிருப்பார். நிழலில் நின்றதால் வெயிலும் அதை வெளுக்கவில்லை. வாரா வாரம் சேர்ந்ததெல்லாம் பாலிஷ் பழைய வாக்ஸை எடுத்தபோது கூடவே வெளியே வந்து, சோப்புத் தண்ணீர்த் துணியில் சிவந்தது. அந்தப் பாலிஷ் தன் வேலையைத்தான் செய்திருந்தது.

இருந்தாலும் எனக்கு இன்னொரு சாட்சி வேண்டியிருந்தது. “அம்மா, டிக்கிப் பக்கம் தெளிப்பீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லம்மிணி, வண்டி முன்னாடிதானே போகுது.”

டிக்கிக் கதவில் அதே பாலிஷை, அதே சோப்புத் தண்ணீரில் நனைத்த சுத்தமான வேட்டித் துண்டால், கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். லேசான அழுக்கைத் தவிர ஒன்றும் இல்லை. சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது என்று சொல்வார்களே, அன்றைக்குத்தான் எனக்கு அதன் அர்த்தம் தெரிந்தது. முகத்தைத் துடைப்பது போல மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் அழுதேன். அதில் பாலிஷ் இருந்தது. கண் எரிந்தது. பரவாயில்லை.

தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று முதலாளிக்கு போன் செய்தேன்.

“மல்ஹோத்ரா சாப், அச்சா. டிரக்கை அனுப்புங்க.”

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது. அதுவரைக்கும் அவரும் மூச்சு விடவில்லை போல. “என்ன ஆச்சு மேடம்ஜி?” என்றார். “ஹல்தி” என்றேன். “ஹல்தியா?” என்றார். மஞ்சள்தான், வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதை போனில் விளக்கினால் அடுத்த தந்தேரஸ் வந்துவிடும்.

5. காபிக்குப் பிறகு பழனிச்சாமி சார் கேட்டது

மேலே கூட்டிப்போய்க் காபி கொடுத்தார்கள். அவர் ஓய்ந்துபோய், “அப்ப என்னதானுங்க வாங்கோணும்? கடைக்குப் போனா அலமாரி பூரா பாட்டலு” என்று கேட்டார். அன்று அவருக்குச் சொன்னதையே இன்றுவரை எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதல் செலவு ஷாம்பூவாக இருக்கட்டும். கார் ஷாம்பூ என்று விற்பது காரமும் அமிலமும் இல்லாமல் நடுவாந்தரமாக இருக்கும், வாக்ஸை அரிக்காது. சலவைப் பவுடரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் எண்ணெய்ப் பசையை எடுப்பதற்கென்றே பிறந்தவை. வாக்ஸும் அவற்றுக்கு எண்ணெய்ப் பசைதான். அடுத்தது துணி. வேட்டி எத்தனை முறை துவைத்து மெத்தென்று ஆனாலும் மண்ணை நூலுக்குள் வாங்கிக்கொள்ளாது. மண் மேலேயே நின்று காரைக் கீறும். மைக்ரோஃபைபரில் இரண்டு மூன்று வாங்கி, கீழே விழுந்ததைத் திரும்பக் காரில் வைக்காமல் இருந்தால் போதும்.

தில்லியில் தூசிதான் முதல் எதிரி. காலையில் வரும் கார் துடைக்கும் பையா ஒரே ஈரத் துணியால் பத்துக் காரைத் துடைத்துவிட்டுப் போவார். முதல் காரின் மண் பத்தாவது காரில் கோடு போடும். அவரைத் திட்டாதீர்கள். ஒரு வாளி தண்ணீரும் உங்கள் துணியும் கொடுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கச் சொல்லுங்கள். பாலிஷ் கடைசியாக வாங்குகிற பொருள். கீறல் இருந்தால் மட்டும், வெயிலில் இல்லாமல், பானெட் கைக்குச் சில்லென்று இருக்கும்போது. பாலிஷ் போட்ட அன்றே வாக்ஸும் போட வேண்டும். இழைத்த இடத்தை வெறுமனே விடக் கூடாது.

“அப்ப நான் வாங்குனது தலைகீழுங்க” என்றார் அவர். ஷாம்பூ வாங்காமல் பாலிஷ் வாங்கியதைச் சொன்னார். ஊர் வழக்கமே அதுதான் என்று சொல்லி அவரைத் தேற்றினேன்.

நான் கிளம்பும்போது சரஸ்வதி அம்மா வாசல்வரை வந்தார். என்னிடம் ஏதோ கேட்க வேண்டும், கணவர் முன்னால் கேட்கவும் தயக்கம். அவரோ செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“கேளு சரசு. அம்மிணிக்குத்தான் தெரியும். தெளிச்சா எத்தன நேரத்துல தொடைக்கோணுமுன்னு கேளு.”

அந்த அம்மாவின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. “காயறதுக்கு முன்னாடி, வெறும் தண்ணியில தொடச்சா ஒண்ணும் ஆகாதும்மா” என்றேன்.

“அதை நான் தொடச்சுக்கறனுங்க” என்றார் பழனிச்சாமி சார், செய்தித்தாளுக்குள்ளிருந்தே.

அதற்கு முன்பு நான் புகாருக்குப் போனால் சாவி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் மட்டும்தான் பேசுவேன். என்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள், எப்படித் தேய்த்தீர்கள் என்று கேட்டு முடித்துவிடுவேன். மயூர் விஹாருக்குப் பிறகு அது மாறியது. இப்போது புகார் என்று போகிற உங்களுக்கும் சொல்கிறேன்: ஒரு காரை ஓட்டுவது ஒருவராக இருக்கலாம். அது வெளியே போனால் திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் வீட்டில் இருப்பார். அவரையும் கீழே கூப்பிட்டுக் கேளுங்கள்.